படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: முதல் சில வாரங்களுக்கான வழிகாட்டி

"இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னதும் முதலில் நிம்மதிதான் வரும். கேள்விகள் அப்புறம் ஒவ்வொன்றாக வரும். யார் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கையிலேயே மலம் போனால் எப்படிச் சுத்தம் செய்வது, ராத்திரி யார் விழித்திருப்பது? பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, முற்றிய பார்க்கின்சன், மறதி நோயின் கடைசிக் கட்டம் என்று காரணம் எதுவானாலும், படுக்கையில் இருப்பவருக்குச் செய்யவேண்டிய அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இதுவரை இந்த வேலை பழகாத குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே தொடங்குங்கள்

டிஸ்சார்ஜ் நாள் பில் கட்டுவதிலும் இன்ஷூரன்ஸ் அனுமதிக்குக் காத்திருப்பதிலும் போய்விடும். அன்றைக்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் முந்தைய நாளே வார்டில் இருக்கும் நர்ஸிடம், "சிஸ்டர், நாளையிலிருந்து நாங்கதான் செய்யணும். இன்னைக்கு நாங்க செய்யறோம், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க" என்று கேளுங்கள். புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, டியூப் இருந்தால் அதில் உணவு கொடுப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது எல்லாவற்றையும் அவர் கண்முன்னால் ஒரு தடவையாவது உங்கள் கையால் செய்துவிடுங்கள். வீட்டில் இந்த வேலையைச் செய்யப்போகிற ஆள்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் ஆஸ்பத்திரியில் நிற்பது மகன், வீட்டில் வேலை செய்வது மருமகள் என்று ஆகிவிடுகிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் திருப்பலாம், எந்தப் பக்கம் கூடாது? உட்கார வைக்கலாமா, எவ்வளவு நேரம்? காலை ஊன்றலாமா? வாய் வழியாக என்னென்ன கொடுக்கலாம்? ஏற்கெனவே சாப்பிட்டு வந்த பிபி, சர்க்கரை மாத்திரைகளில் எது தொடர்கிறது, எது நின்றது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வரும். வீட்டில் இருந்த பழைய அட்டையையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த புதிய அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடுவது நடக்கக்கூடியது.

அறையும் கட்டிலும்

காற்றும் வெளிச்சமும் வருகிற, குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிற அறை நல்லது. அது வீட்டின் நடமாட்டத்துக்கு நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. பின்கட்டில் ஒதுக்குப்புறமான அறையில் போட்டால், பார்த்துக்கொள்பவரும் தனியாகிவிடுவார், படுத்திருப்பவரும் தனியாகிவிடுவார்.

தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் தூக்கி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் ஊர்களில், அதன் எதிரிலேயே சர்ஜிக்கல் கடைகள் இருக்கும். முதல் மாதம் வாடகைக்கே எடுங்கள், வாங்கவேண்டாம். என்ன தேவைப்படும் என்பது சில வாரம் போன பிறகுதான் தெரியும். கட்டிலின் உயரம் உங்கள் இடுப்பு மட்டத்துக்கு இருக்கவேண்டும். தாழ்வான கட்டிலில் தினமும் குனிந்து வேலை செய்தால் சீக்கிரமே உங்கள் முதுகு போய்விடும். சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி போடுங்கள்.

காற்றுப் படுக்கை கட்டாயம் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். மோட்டார் வைத்து, அதன் அறைகள் மாறி மாறி உப்பி வற்றுகிற வகைதான் வேண்டும். அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்புப் போதும். மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே கம்பளியும் ரப்பர் ஷீட்டும் அடுக்கினால் காற்றுப் படுக்கை போட்டதன் பலனே இல்லாமல் போகும். படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேர் கீழே, படுக்கைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு உங்கள் கையில் அழுந்தினால் காற்றுப் போதவில்லை. இன்னொன்று, காற்றுப் படுக்கை இருந்தாலும் புரட்டிப் போடும் வேலையை விட முடியாது.

தோல்தான் முதல் கவலை

மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பதில் குடும்பங்கள் காட்டுகிற அக்கறையில் பாதியைத் தோலுக்குக் காட்டினாலே, பல பெரியவர்களுக்குப் படுக்கைப்புண் வராது. ஒரே இடத்தில் உடல் எடை அழுந்தும்போது அங்கே ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போவதுதான் படுக்கைப்புண். மேலே சின்னச் சிவப்பாகத் தெரியும்போதே உள்ளே ஆழமாகச் சேதமாகியிருக்கலாம். வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

தினமும் காலையில் உடம்பு துடைக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் இந்த இடங்களைப் பாருங்கள்: பிட்டத்துக்கு மேலே முதுகெலும்பு முடியும் இடம், இரண்டு குதிகால், இடுப்பின் இரு ஓரங்கள், கணுக்கால் மேடு, தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்னந்தலை, காது மடல். எங்காவது சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்தின இடம் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால், அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் அது புண்ணின் முதல் கட்டம், அன்றைக்கே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். மாநிறத்திலும் கருப்பிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்.

சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் தேய்க்கத் தேய்க்க உள்ளே நைந்த தசை இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். முகப்பவுடர் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும். சிவக்காத வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவலாம். குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி, கெண்டைக்கால் முழுவதும் தாங்குகிற மாதிரி ஒரு தலையணை வையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதுதான் பொதுவான கணக்கு. இடது, மல்லாக்க, வலது என்று மாறி மாறிப் போகட்டும். ஒருக்களிக்கும்போது முழுக்கச் செங்குத்தாகப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பில் எடை முழுவதும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை அணைத்து, லேசாகச் சாய்ந்த நிலையில் வையுங்கள். ராத்திரி நல்ல காற்றுப் படுக்கையில் இருப்பவருக்கு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்பதைத் தோலின் நிலையைப் பார்த்து நர்ஸ் சொல்வார்.

எப்படிப் புரட்டுவது

கைகளை, அதிலும் பக்கவாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும், அப்புறம் அந்த வலி நாள்கணக்கில் போகாது. அக்குளில் கைவிட்டுத் தூக்குவதும் அதே மாதிரிதான்.

ஒரு பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அவருக்குக் கீழே விரித்து வையுங்கள். மேலே நகர்த்தவோ ஓரத்துக்குக் கொண்டுவரவோ வேண்டியிருந்தால், இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, வேட்டியின் ஓரத்தை அவர் உடம்புக்கு ஒட்டினாற்போல் சுருட்டிப் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தவேண்டும். தரதரவென்று இழுத்தால் படுக்கையோடு உரசித் தோல் வழன்றுவிடும்.

ஒரே ஆளாக இருந்தால், அவர் திரும்பவேண்டிய பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் பக்கத்துக் கையை உடம்புக்கு அடியில் மாட்டாதபடி விலக்கி வையுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, பாதத்தைப் படுக்கையில் ஊன்றி வையுங்கள். ஒரு கை அவருடைய எதிர்ப்பக்கத் தோளிலும் இன்னொரு கை எதிர்ப்பக்க இடுப்பிலும் இருக்கட்டும். "அம்மா, உங்களை என் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டு உங்களை நோக்கி உருட்டுங்கள். சொல்லாமல் திருப்பினால் விழப்போகிறோம் என்று பயந்து உடம்பை விறைத்துக்கொள்வார், எடை இரண்டு மடங்காகத் தெரியும். திரும்பியதும் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வையுங்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குக் கால்கள் குறுக்காகப் போகக்கூடாது என்று பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். அவர்களைத் திருப்பும்போது தலையணையை முதலிலேயே நடுவில் வைத்துவிட்டுத்தான் திருப்பவேண்டும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கட்டிலோரம் தொங்கவிடுங்கள். நேரம், எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர், சிறுநீர், மலம், மாத்திரை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். ஆள் மாறும்போது "மாத்திரை கொடுத்தாச்சா" என்ற சண்டை வராது. டாக்டருக்கும் அந்த நோட்டே பாதி விவரம் சொல்லிவிடும்.

சாப்பாடு

படுத்த நிலையில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும், பெரியவர்கள் பலரைக் கொண்டுபோவது அதுதான். முடிந்தவரை நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை சற்றே கீழே பார்த்தபடி, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். முந்தைய வாய் விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்டதும் குரல் கொழகொழவென்று ஆனாலோ, வாயின் ஓரத்தில் சோறு தங்கினாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தண்ணீர், காபி போன்ற நீர்த்தவைதான் அதிகம் புரையேறும். கெட்டியான கஞ்சி, கூழ், மசித்த சோறு பெரும்பாலும் சுலபமாக இறங்கும். எது சரியாக இருக்கும் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லுவார்.

"வயசானவங்களுக்கு ரசம் சாதம் போதும்" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. படுக்கையில் இருப்பவருக்குத் தசை வேகமாகக் கரையும், புண் ஆறவும் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது தினமும் வேண்டும் என்பது பெரியவர்களுக்கான பொதுக் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆக முட்டை, பருப்பு, தயிர், மீன், கடலைமாவு, சத்துமாவுக் கஞ்சி என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது இருக்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

மூக்கு வழி டியூப் போட்டு அனுப்பியிருந்தால், கொடுக்கும் முன் மூக்கருகே டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, முழுவதும் வெளியே வந்துவிட்டாலோ நீங்களே உள்ளே தள்ளவேண்டாம். தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். வடிகட்டிய உணவை அழுத்தித் தள்ளாமல், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் வெந்நீர் ஆற வைத்து விட்டால் டியூப் அடைக்காது. மாத்திரையைப் பொடித்துப் போடும் முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்துவிடும்.

வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கும் வாய் சுத்தம் அவசியம். தினம் இரு முறை மெல்லிய பிரஷ்ஷாலோ ஈரத் துணியாலோ துடைத்துவிடுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

சிறுநீரும் மலமும்

கூச்சம் எல்லா வீட்டிலும் இருக்கும், படுத்திருப்பவருக்கு அது இன்னும் அதிகம். கதவைச் சாத்துங்கள், தேவையான இடத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தி வையுங்கள், முகம் சுளிக்காதீர்கள். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் என்ற திசையில்தான் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரும். மலம் பட்ட டயப்பரை உடனே மாற்றுங்கள். கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகம் கலந்த களிம்பை மெல்லிசாகப் பூசலாம்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேதான் தொங்கவேண்டும், தரையில் படக்கூடாது. அவரைத் திருப்பும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு, அதில் பழைய சிறுநீர் உள்ளே திரும்பிப் போகும். குழாய் மடங்காமல் இருந்தும் சில மணி நேரமாகப் பையில் ஒன்றும் சேராமல் அடிவயிறு உப்பினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால் சொல்லியாக வேண்டும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. உள்ளே கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாகத் தண்ணீராகக் கசியும். பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும். பல நாள் மலம் போகாமல் இருந்து திடீரென்று நீர்நீராகப் போனால், எந்த மாத்திரையும் கொடுக்கும் முன் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

அசைவும் பேச்சும்

"பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பதுதான் நம் வீடுகளில் அதிகம் கேட்கிற பேச்சு. ஆனால் இடுப்பெலும்பு அறுவை செய்துகொண்டவரைக்கூட மறுநாளே நிற்க வைக்கத்தான் டாக்டர்கள் இப்போது பார்க்கிறார்கள். டாக்டர் அனுமதித்த அளவுக்கு உட்கார வைப்பது, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போடுவது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாமே மருந்துதான். பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த பயிற்சியை அவர் வராத நாளிலும் செய்யவேண்டும்.

சாயந்தரமானால் இல்லாத ஆளோடு பேசுவது, "என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ" என்று வீட்டிலிருந்தே சொல்வது, திடீரென்று யாரையும் அடையாளம் தெரியாமல் விழிப்பது எல்லாம் ஓரிரு நாளில் புதிதாக வந்தால், மூளை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றால் வரும் குழப்பமாக இருக்கலாம், காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடியும் காதுமெஷினும் மாட்டிவிடுங்கள், கடிகாரம் கண்ணில் படட்டும், பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை விழுவது தெரிந்தால் மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடமுடியும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றுக்கும் 108 தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், தேய்த்துவிடாமல் அன்றே காட்டவேண்டும். சர்க்கரைக்காரர் சரியாகச் சாப்பிடாத நாளில் வழக்கமான இன்சுலினைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். வியர்த்து, நடுங்கி, குழப்பமாக இருந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்கவேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

யார் பார்த்துக்கொள்வது

இந்த வேலை ஒரே ஆள் தலையில் விழுவதுதான் நடைமுறையில் நடக்கிறது, பெரும்பாலும் அது மருமகளோ கல்யாணமாகாத மகளோ. முதல் வாரமே உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர் பணம் அனுப்பினால் மட்டும் கணக்குத் தீராது, வருஷத்தில் சில வாரம் நேரில் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளவேண்டும். ராத்திரி முழித்தவர் பகலில் தூங்கவேண்டும், வாரத்தில் ஒரு பாதி நாளாவது வீட்டை விட்டு வெளியே போகவேண்டும்.

ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால், பயிற்சி பெற்ற நர்ஸா உதவியாளரா என்று முதலில் தெளிவாக்குங்கள். டியூப் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் நர்ஸ் வேலை. புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவதற்கு உதவியாளர் போதும். ஆதார் நகல், 12 மணி நேரமா 24 மணி நேரமா, விடுமுறை, சாப்பாடு, வராத நாளில் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் பேசி எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் இருப்பவருக்கும் தூங்க நேரமும் படுக்க இடமும் வேண்டும். பாத்திரம் தேய்க்கவும் வீடு கூட்டவும் அவரையே ஏவினால் நல்ல ஆள் நிற்கமாட்டார். நகைகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுங்கள், அப்புறம் வீண் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

அரசு உதவியும் காகித வேலையும்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரைக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் தொடர்பான எந்த உதவிக்கும் 14567 என்ற எண்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

ஓய்வூதியம் வாங்குபவரை வாழ்வுச் சான்றுக்காக ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். தபால்காரர் கட்டணத்துக்கு வீட்டுக்கே வந்து டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். விரல்ரேகை தேய்ந்து மெஷின் ஏற்கவில்லை என்றால், முகத்தைப் படமெடுத்துப் பதியும் வசதி 2021 முதல் செல்போன் செயலியிலேயே இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளருக்கு ஒரு கடிதமும் டாக்டர் சான்றும் கொடுத்துக் கேளுங்கள். பெரியவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே நாமினி விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள். இனி ஐசியூ வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்பதையும் அவரிடமே கேட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி கட்டிலோரம் தொங்கும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.